மணாலியில் பறக்கப் போறீங்களா? முதல்ல கால் பெல்ட்டைப் பாருங்க!

எங்க நாகப்பட்டினத்தில் பாராகிளைடிங் பண்ண ஒரு மேடுகூட கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதைத் தாண்டினா கடல். அதனாலேயோ என்னவோ, இங்கிருந்து தேனிலவுக்கு மணாலி, குல்லு போகிறவர்கள் தவறாமல் பறந்துவிட்டு வருகிறார்கள். அடுத்த வாரம் அக்காவும் மாமாவும் கிளம்புகிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இந்த விஷயம்.

2019 நவம்பரில் தேனிலவுக்காகக் குல்லு சென்ற சென்னை இளைஞர் ஒருவர், பறக்கும்போது கீழே விழுந்து உயிரிழந்தார். ஹார்னஸ் பெல்ட் தளர்ந்ததாகச் செய்திகள் வந்தன. இருவர் பறக்கும் 'டேண்டம்' முறையில் பயணி முன்னால், பைலட் பின்னால். பயணியைத் தாங்குவது ஹார்னஸ்தான். அதில் இரண்டு தொடைகளையும் சுற்றிவரும் பெல்ட்டுகள் ரொம்ப முக்கியம். அது மாட்டாமல் மார்பு பெல்ட் மட்டும் இருந்தால், தரையில் நிற்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். கால் தரையை விட்டதும் உடல் கீழே நழுவும். 'மாட்டியாச்சு சார்' என்று அவர்கள் சொன்னாலும், நீங்களே இழுத்துப் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

ஓடச் சொன்னால் ஓடுங்கள். பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு.

மேலே போன பிறகு பயப்பட வைப்பது, துணி மடங்குவது. அந்த இறக்கைக்குள் கம்பியோ சட்டமோ இல்லை. முன்பக்க வாய் வழியாகப் புகும் காற்றுதான் அதை விறைப்பாக வைத்திருக்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் மலையோரம் காற்று குழம்பும்போது ஒரு பக்கம் சுருங்கலாம். அப்போது பைலட், விரிந்திருக்கும் பக்கமாக உடலைச் சாய்த்து, அந்தப் பக்க பிரேக்கை அளவாகப் பிடித்து, முதலில் திசையைக் காப்பாற்றுவார். பிறகு மடங்கிய பக்கத்தை இழுத்து விட்டு விரிப்பார். பெரும்பாலும் சில விநாடிகளில் விரிந்துவிடும். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்காமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதே நம் வேலை (அக்காவுக்கு இதுதான் கஷ்டம்!).

சுழற்சி நிற்காவிட்டாலோ, விரிக்க உயரம் போதாவிட்டாலோ ரிசர்வ் பாராசூட்டை வீசுவார். இறங்குவது வேகமாக இருக்கும். கால்களைச் சேர்த்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். ஏறும் முன்பே, "ரிசர்வ் இருக்கா, கடைசியா எப்ப பிரிச்சு மடிச்சீங்க?" என்று கேளுங்கள். பைலட்டின் லைசென்ஸையும் பாருங்கள். இமாச்சலில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. அப்போது யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பறக்கும்போது வீடியோ அனுப்புறேன்டா" என்றாள். பறக்கிறதுக்கு முன்னாடி, தொடை பெல்ட் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு என்றிருக்கிறேன்.