தோளுக்கு ஏற்ற கட்டையும் கட்டைக்கு ஏற்ற தோளும்

வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தக் கட்டை சௌகரியமானது என்பதை வெறும் ரசனை விவகாரமாக நம் வேட்டை இலக்கிய அன்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூள்கிறது. வால்நட் மரத்தின் ரேகையாம், கைப்பிடியின் வளைவாம், பூவேலையாம்! கட்டை அலங்காரம் அல்ல, அளவு. முழங்கையைச் செங்கோணமாக மடித்துக் கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும். ஆலைக் கட்டைகள் பெரும்பாலும் 35 செ.மீ. நீளத்தை ஒட்டியே வருகின்றன. குள்ளருக்கு அது நீளம், நெட்டையருக்குக் குட்டை. கன்னம் பதிந்த கணமே கண் குறிக்கு நேரே நிற்க வேண்டும். தொலைநோக்கி பொருத்தினால் கண் மேலேற வேண்டியிருப்பதால்தான் கன்னமேடு உயர்ந்த மாண்டி கார்லோ கட்டை பெயர்பெற்றது. பொருந்தாத கட்டை தோளை இடிக்கும். இடிக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான். குண்டு நெஞ்சுக்குப் பதில் குடலில் பாயும். ஆகவே சௌகரியம் என்பது சுடுகிறவனின் சுகம் மட்டுமல்ல.

இங்கிலாந்தின் துப்பாக்கி வினைஞர்கள் தையற்காரரைப் போல உடலளவு எடுத்தார்கள். அதற்கென்றே திருகி மாற்றத்தக்க அளவுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட் பெற்ற ரிக்பியைப் பற்றி நாம் மணிக்கணக்கில் உருகுகிறோம்.

சிறுவயதில், சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய்க் கரையில், ஒரு நரிக்குறவப் பெரியவர் கொக்கு சுட்டதைப் பார்த்தேன். குழல்வாயில் மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பிளந்த கட்டையைக் கம்பியால் சுற்றியிருந்தார். அவருடைய உயரத்துக்கு அது மிகக் குட்டை. "சாமி, காதைப் பொத்திக்கோ" என்றவர், கழுத்தை ஒடித்து, தோளை முன்னே தள்ளி, தம் உடம்பையே அந்தக் கட்டைக்கு இழைத்துப் பொருத்திக்கொண்டார். குறி தவறவில்லை.

கார்பெட் செய்தால் கலை, இவர் செய்தால் திருட்டு வேட்டை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தவறென்று நான் வாதிட வரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேடந்தாங்கல் மக்கள் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்காகக் கவுல் வாங்கிய சீமை இது. ஆனால் வேட்டை நின்றபோது சீமான்களின் துப்பாக்கி கூடத்துச் சுவருக்குப் போயிற்று. நரிக்குறவர் மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கப் போனார்கள். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023-ல்தான்.

வால்நட்டின் ரேகையைப் பாடும் நண்பர்கள் கம்பி சுற்றிய அந்தக் கட்டையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதட்டும், மறுபேச்சின்றி வாசிக்கிறேன்.