கூரையை மறந்த மின்சாரக் கொள்கை

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்கரையிலே நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்கிறது. முதற் பொறி 2011ஆம் ஆண்டிலும், ஏனைய இரண்டும் 2014ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று. சீன நாட்டுக் கடனிற் கட்டப்பட்ட நிலையம். ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியைக் கப்பலிலிருந்து நடுக்கடலிலேயே இறக்கி விழுங்கும் நிலையம். அதன் புகைபோக்கியைத் தம் முற்றத்தில் நின்று காணும் மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று அறிய விரும்பும் மந்திரி எவரேனும் உளராயின், சித்திரை மாதத்திலே, பிற்பகல் இரண்டு மணிக்கு வருமாறு அழைக்கிறோம். மாலையில் வந்து மாலை சூடிச் செல்வதிற் பயனில்லை.

உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் முன்னாளில் வீடுகள் கிடுகால் வேயப்பட்டன. கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும், தீப்பொறிக்கு அஞ்சவேண்டும். ஆயினும் அது வெயிலை உள்ளே விட்டதில்லை. பின்னர் அஸ்பெஸ்டோஸ் சீற்றும் தகரமும் வந்தன. மழை நின்றது; வெயில் நிற்கவில்லை. உட்கூரை இல்லாத வீட்டிலே காய்ந்த சீற் தன் சூட்டை நேரே கீழிருப்போர் தலைமீது இறைக்கிறது. பிள்ளை பெற்றவளும், பாயிற் கிடக்கும் முதியவரும், சோதனைக்குப் படிக்கும் மாணவனும் அதன்கீழேதான் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இம்மாவட்டத்திலேதான் கிடுகுக் குடிசைகளில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு நிலையான வீடு தர, உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்க 2007ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடு வந்ததை நாம் குறைகூறவில்லை. சுவரையும் கதவையும் எண்ணி வீட்டுக் கணக்கை முடித்துவிடும் அரசாங்க வழக்கத்தையே குறைகூறுகிறோம்.

இச்சூட்டுக்கு ஏழை கண்ட மருந்து மின்விசிறி ஒன்றே. சாதாரண கூரை விசிறி ஏறத்தாழ 75 வாற்று மின்சாரம் உண்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 27 அலகு. மிகக் குறைந்த கட்டணத்துக்குரிய முதற்படி முப்பது அலகு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு விசிறியே அதை அநேகமாக நிரப்பிவிடுகிறது. இரண்டு விசிறிக்கு 54 அலகு. விளக்கும் வானொலியும் சேர்ந்து அறுபதைத் தாண்டினாலோ, அண்மைக்காலக் கட்டண அட்டவணைகளின்படி முதல் அலகிலிருந்தே விலை ஏறிவிடும். கூரை சூடானதற்காக விதிக்கப்படும் தண்டம் என்றே இதனைக் கூறுவோம்.

அத்தண்டம் எவ்வளவு கடுமையாயிற்று என்பதை நாடறியும். முதல் முப்பது அலகில் ஒன்றின் விலை 2022 ஓகஸ்ட் வரை இரண்டரை ரூபா. அம்மாதத்தில் அது எட்டு ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் முப்பது ரூபாவாயிற்று. பின்னர் இறக்கினார்கள், ஏற்றினார்கள், மீண்டும் இறக்கினார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கு இருபது வீதம் குறைத்து, ஜூனில் பதினைந்து வீதம் கூட்டினார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கட்டணம் செலுத்த முடியாதவனின் வீட்டில் விசிறி நின்றது; சீற் மட்டும் தன் கடமையைத் தவறாது செய்தது.

மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கு அரசாங்கம் கடன்பட்டது. வசதியுள்ளோர் கூரையிலே சூரியத் தகடு பொருத்தி மின்சாரம் விற்பதற்கு 2016 முதல் ஊக்கமளித்தது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஏழையின் வீட்டுக்குள் வெப்பம் புகாதவாறு தடுப்பதற்கென்று வரவு செலவுத் திட்டத்திலே தனித் தலைப்பு எழுதப்பட்டதை நாம் கண்டதில்லை. சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு சக்தி அதிகார சபையை உருவாக்கி, சக்தியைச் சிக்கனப்படுத்தும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. அதற்கென நிதியம் ஒன்றையும் அமைத்தது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, உறையுள் ஆகியவற்றை எல்லாப் பிரசைகளும் அடைவதை அரசின் நோக்கமாக விதிக்கிறது. அடுத்து வரும் 29ஆம் உறுப்புரையோ, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது! ஆகவே இவ்வழக்கை நாம் நீதிமன்றத்திற் பேச இயலாது. பத்திரிகையிலும் தேர்தல் மேடையிலுமே பேசவேண்டும்.

அஸ்பெஸ்டோஸ் கதையை இங்கே ஒருமுறை சொல்லாமல் விட மனம் வரவில்லை. நுரையீரலைக் கெடுக்கும் அப்பொருளின் இறக்குமதியை 2018 தொடக்கம் கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு ஒன்று கண்டதாக ருஷியா தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸ் விற்கும் நாடும் அதுவே. உடனே எமது அரசாங்கம் தன் தீர்மானத்தை ஒத்திவைத்தது; தேயிலைக்கு வழி திறந்தது. ஏழையின் கூரை எத்தகையது என்பதை ஒரு வண்டு தீர்மானித்த விந்தை வேறெந்த நாட்டில் நடந்ததோ!

பிற நாடுகளிலே கூரைக்குப் பொதுப் பணம் செலவிடுவது புதுமையன்று. குளிர்நாட்டில் சூடு வெளியேறாதிருக்கவும், எமது நாட்டில் சூடு உட்புகாதிருக்கவும் வேண்டும், கலை ஒன்றே. தெலுங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீற்றர் கூரையை வெயிலைத் திருப்பும் கூரையாக்க இலக்கு வைத்தது. ஆனால் பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயம், சிறு வீடுகளுக்கு விருப்பம் என்று விட்டது. விருப்பம் ஏழைக்கு இல்லாமலில்லை, பணம்தான் இல்லை. அவுஸ்திரேலியா 2009இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் பொருத்த அவசர அவசரமாகப் பணத்தை வாரி இறைத்தது. பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி வேலைக்கு அனுப்பப்பட்ட இளைஞர் நால்வர் இறந்தனர். மூவர் மின்தாக்கி, ஒருவர் வெப்பத்தால். 2010 பெப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. பணம் கேட்கும் நாம் இதையும் மறைக்கலாகாது. பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றைத் துளைத்தால் தூசு பறக்கும். பயிற்சி பெற்றவர் கையன்றி வேறெவர் கையிலும் இவ்வேலையைக் கொடுத்தல் ஆகாது.

பணம் எங்கே என்று திறைசேரி கேட்கும். 2022இல் வங்குரோத்தான நாடு, சர்வதேச நாணய நிதியத்துக்குக் கணக்குக் காட்டும் நாடு என்று பாடம் நடத்தும். அக்கணக்கையே நாமும் காட்டுகிறோம். குறைந்த படிகளிலுள்ள அலகை உற்பத்திச் செலவிலும் குறைவான விலைக்கே விற்பதாகவும், அந்நட்டத்தை ஏனைய பாவனையாளர் சுமப்பதாகவும் அதிகாரிகளே கூறிவந்துள்ளனர். அவ்வாறாயின் ஏழை வீட்டில் மிச்சமாகும் ஒவ்வோர் அலகும் நட்டத்திற் குறையும் ஓர் அலகன்றோ? நிலக்கரிக்குச் செலுத்தும் டொலரும் குறையுமன்றோ? முப்பது வாற்றளவில் ஓடும் புதுவகை விசிறி பழையதன் பாதிக்கும் குறைவாகவே உண்கிறது. விலை அதிகம் என்பதால் ஏழை அதனை வாங்குவதில்லை. விலையின் வித்தியாசத்தை அரசாங்கம் கொடுத்தால் வாங்குவான். கூரைக்கு வெள்ளைப் பூச்சும், அடியில் ஓர் உட்கூரையும் போதும். தென்னை முக்கோணத்தில் அடங்கிய மாவட்டம் இது. தும்பு இங்கே குவிந்து கிடக்கிறது. தீப்பற்றாதவாறு பதப்படுத்திய தும்புப் பலகை செய்ய இங்கேயே தொழிற்சாலை அமைத்தால், கூலியும் இங்கேயே தங்கும்.

பயனாளிகளைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. அஸ்வெசும உதவி பெறுவோர் பட்டியல் பிரதேச செயலகங்களிலே இருக்கிறது. அப்பட்டியலிற் குறைகள் உண்டு. விடுபட்டோரைச் சேர்க்க மேன்முறையீட்டுக்கு இடம் வேண்டும். படிவங்கள் தமிழிலும் இருக்கவேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ? இம்மாவட்டத்திலே சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு ஐம்பது இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அப்பணத்தில் மீண்டும் மொட்டைச் சீற் ஏறுமாயின், இன்னொரு தலைமுறை அதன்கீழ் வேகும். உட்கூரையின்றி எந்த வீட்டுக்கும் இறுதித் தவணை விடுவிக்கப்படலாகாது என்றும், அதற்குரிய மேலதிகச் செலவு உதவித் தொகையோடு சேர்த்தே வழங்கப்படும் என்றும் ஒரு விதி வேண்டும். அதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை; சுற்றுநிருபம் ஒன்று போதும். மாவட்டச் செயலாளரின் மேசைக்கு அது எப்போது வரும் என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுச் சொல்லட்டும்.