புது ஹேட்ச்பேக் விலையில் பழைய பென்ஸ்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

புது ஹேட்ச்பேக் காருக்கு ஆகும் பணத்தில் பத்து வருஷப் பழைய பி.எம்.டபிள்யூ. அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு ஆடி. செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் செயலிகளிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் தினமும் கண்ணில் படுகின்றன. ‘சிங்கிள் ஓனர், சன் ரூஃப், லெதர் சீட், டெல்லி வண்டி’ என்று வாட்ஸ்அப்பிலும் வருகின்றன.

செட்டிநாட்டில் வலையபட்டி போன்ற ஊர்களில் பிறந்து சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்த விளம்பரங்கள் ஒரு ஆசையைக் கிளப்பிவிடுகின்றன. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது பெரிய வீட்டு வாசலில் ஒரு நல்ல வண்டி நின்றால் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து வருஷச் சேமிப்பை அதில் போடலாமா என்பதுதான் கேள்வி.

போடலாம். ஆனால் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டு போட வேண்டும். காரின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. 60 லட்சம் ரூபாய்க்கு விற்ற காரை 10 லட்சத்துக்கு வாங்கினாலும், அதற்குப் போடும் ஷாக் அப்சார்பர் 60 லட்ச ரூபாய் காருக்கானதுதான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட வீட்டில் ஒருவருக்கு வரும் பங்கு சின்னதாக இருக்கலாம். ஆனால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றும் செலவு வீட்டின் அளவுக்குத்தான் வரும்.

ஏன் இவ்வளவு மலிவு?

சொகுசு கார்களின் விலை முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரியும். வாரன்டி முடிந்ததும் முதல் உரிமையாளர் விற்றுவிடுகிறார். அடுத்து வாங்குபவருக்குப் பராமரிப்புச் செலவை நினைத்துப் பயம். அந்தப் பயம்தான் விலையைக் கீழே இழுக்கிறது.

இதோடு டெல்லி விவகாரமும் சேர்ந்துகொண்டது. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாய உத்தரவை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு டெல்லியில் பெட்ரோல், டீசல் கிடையாது என்று அறிவிக்கப்பட்டதும் உரிமையாளர்கள் பதறினார்கள். 2015-ல் 84 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பென்ஸ் எஸ்.யூ.வி.யை இரண்டரை லட்சத்துக்கு விற்றதாக ஒருவர் சொன்னது அப்போது செய்தியானது.

எதிர்ப்பு கிளம்பியதால் அந்தத் தடை சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ல் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்ற உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆனாலும், நாளைக்கு என்ன உத்தரவு வருமோ என்ற சந்தேகம் டெல்லி வண்டிகளின் விலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த 10 ஆண்டுக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அந்த வண்டிகள் தெற்கே வருகின்றன.

முதல் சோதனை காகிதத்துக்கு

பெரும்பாலானோர் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது ஃபைலை. வெளிமாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்ட வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இந்த வரிதான். வாங்குபவர் கொடுத்த விலைக்கு வரி போடுவதில்லை. வண்டி புதிதாக விற்ற விலையை அடிப்படையாக வைத்து, அதன் வயதுக்கு ஏற்ற சதவீதத்தில் கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்குச் சதவீதம் குறையும் என்றாலும், விலை உயர்ந்த காருக்கு அது சில லட்சங்களைத் தொடலாம். வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ‘டெல்லி வண்டி மலிவு’ என்று சொல்ல முடியும்.

ஆர்.சி.யில் பார்க்க வேண்டியவை: தயாரிப்பு மாதம், எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவு. கடன் அடைந்திருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பரிவாகன் தளத்தில் இன்சூரன்ஸ், நிலுவை அபராதம், பிளாக் லிஸ்ட் விவரங்கள் தெரியும். ஆர்.சி.யின் ஆயுள் 15 ஆண்டு, பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு.

20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. அதுவே இறக்குமதி கார் என்றால் 80,000 ரூபாய். பி.எம்.டபிள்யூ. 2007 முதல் சென்னை அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார்களைத் தயாரிக்கிறது. வெளிநாட்டு பிராண்ட் என்பதாலேயே அது இறக்குமதி கார் ஆகிவிடாது. இந்தியாவில் கோர்த்ததா, முழுதாக இறக்கியதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பூடான் வண்டிகள் சொல்லும் பாடம்

2025 செப்டம்பர் 23 அன்று ‘நும்கோர்’ என்ற பெயரில் கொச்சி சுங்கத் துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்தி 36 வண்டிகளைப் பறிமுதல் செய்தது. பிரபல நடிகர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. பூடானிலிருந்து பழைய கார்களை வரி கட்டாமல் கொண்டுவந்து, போலி ஆவணங்களைக் காட்டி வட மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு தெற்கே விற்றார்கள் என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. பரிவாகன் தளத்தின் தகவலிலேயே திருத்தம் செய்யப்பட்டதாகவும் அத்துறை சொன்னது.

இதில் சிக்கியவர்களில் விஷயம் தெரியாமல் வாங்கியவர்களும் இருக்கலாம். ஆனால் வண்டி போய்விடும். எனவே ஆன்லைனில் பெயர் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. முதல் உரிமையாளர் வாங்கிய இன்வாய்ஸ், இறக்குமதி என்றால் சுங்க வரி கட்டிய ரசீது இரண்டும் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

புதுச்சேரி பதிவெண்ணுக்கும் இதே கவனம் தேவை. வரி குறைவு என்பதற்காகப் போலி முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக, 2017-ல் கேரளத்தில் பிரபலங்கள் மீதே வழக்குகள் வந்தன.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கு முடிக்கும் வண்டிகள் ஏலத்துக்குப் போகும். அவற்றில் சில பாலிஷ் போட்டுத் திரும்பச் சந்தைக்கு வரும்.

சொகுசு கார்களில் இது ஏன் பெரிய ஆபத்து? கன்ட்ரோல் மாட்யூல் எனப்படும் குட்டிக் கணினிகள் பலவும் கார்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழும் டிக்கியிலும் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் உடனே சாகாமல் ஒவ்வொன்றாகத் தொல்லை தரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியலாம். சீட் தண்டவாளத்தில் துருவும் ஸ்டெப்னி குழியில் வண்டலும் இருந்தால் பேரம் பேச வேண்டியதில்லை, கிளம்பிவிடலாம்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பலவீனம்

‘பென்ஸ் நல்ல வண்டி’ என்ற பொதுப் பேச்சு உதவாது. எந்த மாடல், எந்த எஞ்சின் என்று கேட்க வேண்டும்.

* 2007-ஐ ஒட்டி வந்த பி.எம்.டபிள்யூ. 320டி, 520டி வண்டிகளின் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் தேய்வது உலகறிந்த பிரச்சினை. செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருப்பதால் அதை மாற்றுவதே பெரிய வேலை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கம் உலோகச் சலசலப்பு கேட்டால் உஷார்.
* ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ், ஆடி கார்களில் காற்றுப் பை கசியும். மாலையில் நிறுத்தி மறுநாள் காலையில் பார்த்தால் போதும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கசிவு.
* 2002 முதல் 2006 வரை வந்த பென்ஸ் இ-கிளாஸில் மின்னணு பிரேக் அமைப்பு உண்டு. பல நாடுகளில் திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் நிறுவனமே கைவிட்ட அமைப்பு அது.
* பழைய ஆடி ஏ4, ஏ6 சிலவற்றில் ‘மல்டிட்ரானிக்’ கியர்பாக்ஸ் இருக்கும். டிராஃபிக்கில் மெதுவாக நகரும்போது உதறினால் பெரிய செலவு காத்திருக்கிறது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. டகாட்டா நிறுவன ஏர்பேக்குகள் வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதால், உலகம் முழுவதும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. பி.எம்.டபிள்யூ., பென்ஸ் கார்களிலும் அவை இருந்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் அந்த வெடிமருந்து சீக்கிரம் கெடும் என்பதால் தமிழ்நாட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் 17 இலக்க வி.ஐ.என். எண்ணைக் கொடுத்தால் ரீகால் வேலை முடிந்ததா என்று சொல்வார்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

விற்பவரிடம் முன்கூட்டியே ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க’ என்று சொல்லிவிட வேண்டும். ஆறிய எஞ்சின் மறைக்காது, சூடான எஞ்சின் பலதை மறைக்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. டெஸ்ட் டிரைவை மதியம் 12 மணிக்கு வைத்துக்கொண்டால் ஏ.சி.யும் கூலிங் சிஸ்டமும் தங்கள் நிலையைத் தாங்களே சொல்லிவிடும்.

பிறகு அந்த பிராண்டுக்கென்றே உள்ள ஸ்கேனரில் முழு ஸ்கேன் அவசியம். கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டுமின்றி வேறு மாட்யூல்களிலும் பதிவாவதால், மீட்டரைத் திருத்தியிருந்தால் இரண்டும் முரண்படும். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும். ‘லைஃப் டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்’ என்பார்கள். பல சொகுசு கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. டயரில் உள்ள நான்கு இலக்கம் அதன் பிறந்த தேதி. ‘3218’ என்றால் 2018-ன் 32-வது வாரம். இரண்டாவது சாவி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

ஊரில் யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கி.மீ. சென்சார் ஒன்று போனாலும் வண்டியை ‘டோ’ செய்து அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். குறிப்பிட்ட மாடலை அறிந்த மெக்கானிக் அங்கே இருக்கிறாரா, பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்த பிறகு வாங்குவது நல்லது.

திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் ஓட்டுவதற்காக வலையபட்டி வீட்டில் பூட்டிவைப்பதும் சரிவராது. பல மாதம் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், ரப்பர் சீல் காயும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த காருக்கு ஓட்டத்தைவிட ஓய்வு கெடுதல். யானையைக் கட்டித் தீனி போடுவதில் பாதி வேலை, அதைத் தினமும் நடக்க விடுவதுதான்.

பணம் கொடுக்கும்போது

பதிவு பெற்ற டீலர் விற்றால் 2025 ஜனவரி 25 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது முழு விலைக்கு அல்ல, டீலரின் லாபத்துக்கு மட்டும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகக் கொடுப்பதே வாங்குபவருக்கும் ஆதாரம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது.

மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: கையில் 12 லட்சம் இருந்தால் 9 லட்சத்துக்கு வண்டி பார், மிச்சத்தை முதல் வருஷ ரிப்பேருக்குத் தொடாமல் வை. அட்வான்ஸ் ரசீதிலும் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்: ‘என்.ஓ.சி. வராவிட்டாலோ, சேஸிஸ் எண் ஒத்துப்போகாவிட்டாலோ, ஸ்கேனில் சொல்லாத கோளாறு தெரிந்தாலோ அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்.’ நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். தயங்கினால், வண்டியைப் பற்றித் தெரிய வேண்டியது அங்கேயே தெரிந்துவிடும்.