வந்தனா வீட்டு வாசலில் வெடித்த பட்டாசு

விளையாட்டில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. தோற்றவரைச் சாதி சொல்லி ஏசுவது எந்த ஊர் நியாயம்?

2021-ம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஜூலை 31-ந் தேதி இந்தியப் பெண்கள் ஆக்கி அணி தென் ஆப்பிரிக்காவுடன் மோதியது. வந்தனா கட்டாரியா 3 கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் 3 கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவரே!

"பெண்ணுக்கு ஆக்கி எதற்கு?" என்று ஊரார் கேட்டபோது துணை நின்றவர் அவர் தந்தை. அந்த ஆண்டு மே மாதம்தான் அவர் இறந்தார். பயிற்சியில் இருந்த மகளால் கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியவில்லை.

அரை இறுதி அன்று...

ஆகஸ்டு 4-ந் தேதி அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அரித்துவார் அருகே ரோஷ்னாபாத்தில் வந்தனா வீட்டின் முன் சிலர் பட்டாசு கொளுத்தி ஆடினார்கள். தலித் பெண்கள் அணியில் அதிகம் இருந்ததால்தான் தோல்வி என்று ஏசினார்கள். குடும்பத்தார் இவ்வாறு போலீசில் புகார் செய்தனர். கைதும் நடந்தது.

வந்தனா கலங்கி உட்காரவில்லை. 2 நாள் கழித்து பிரிட்டனுடன் நடந்த ஆட்டத்தில் மறுபடியும் கோல் போட்டார். அணிக்கு 4-வது இடம் கிடைத்தது. 2022-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அமெரிக்க மங்கை

வில்மா ருடால்ப் அமெரிக்காவின் கறுப்பினப் பெண். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதில் கால் ஊனம். ஆனாலும் 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடி 3 தங்கம் வென்றார். சொந்த ஊரான கிளார்க்ஸ்வில், வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று பிரிந்து கிடந்த ஊர். "எல்லோரும் சேர்ந்து வரவேற்றால்தான் வருவேன்" என்பது அவர் நிபந்தனை. ஊர் பணிந்தது! இரு நிறத்தாரும் ஒன்றாகத் திரண்டனர்.

பெற்றோர் கவனிக்க!

ஜெயித்தால் நம் நாட்டுப் பெண்; தோற்றால் அந்தச் சாதிப் பெண். இந்த இரட்டை நாக்கு ஒழிய வேண்டும். சட்டம் கைது செய்யலாம். நாக்கைத் திருத்த வேண்டியது வீடு.

சென்னை வேளச்சேரியில் அரசு நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தண்ணீர்தான். யார் முந்தினார் என்பதைக் கடிகாரம் சொல்லும். சாதி அதற்குத் தெரியாது. குளத்தில் கற்ற சமத்துவத்தைச் சாப்பாட்டு வேளைப் பேச்சில் பெரியவர்கள் கெடுக்காமல் இருந்தால் போதும். அடுத்த வந்தனாவின் வாசலில் பட்டாசு வெடிக்கட்டும். அது வாழ்த்தும் பட்டாசாக இருக்கட்டும்!