வேலைக்கு வரும் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?

"நம் பழக்கவழக்கம் தெரிந்த வேலைக்காரப் பெண் கிடைப்பாளா?" என்பது போடிநாயக்கனூரில் நம் வீடுகள் பலவற்றில் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் ஊர் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள் இவ்வூர்ப் பெண்கள். இன்னும் பலர் ஊருக்குள்ளேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். காய் எடுக்கும் பருவத்தில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிது. இதில் நம் மார்க்கத்தவராகவே வேண்டுமென்றால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

பிற சமயத்துப் பெண்ணுக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றினால் போதாது, நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. தொழுகை விரிப்பை மிதிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். இவற்றை முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாமல் கடிந்துகொண்டால், சுத்தத்தின் பெயரால் நம்மை வாட்டுகிறார்கள் என்றே அவர் நினைப்பார். வீட்டில் ஆண்கள் மட்டும் இருக்கும் வேளையில் வர வேண்டாம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

சரி, அவருடைய வழக்கத்தை நாம் கேட்டோமா? மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தைக் கழுவச் சிலருக்கு மனம் ஒப்பாது. அதை நாமே கழுவிக்கொள்வதில் என்ன குறை வந்துவிடும்? ரமலானில் ஸஹர் பாத்திரங்களும் கஞ்சிச் சட்டியும் சேர்ந்து வேலை இரட்டிப்பாகிறது. கூலி மட்டும் பழையபடியே இருக்கலாமா? நாம் நோன்பு என்பதற்காக அவரும் பகலெல்லாம் பட்டினி கிடக்க வேண்டுமா?

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேலைக்காரப் பெண்ணுக்கென்று தனிக் குவளை வைக்கும் வழக்கம் நம்மவர் சிலர் வீட்டிலும் நுழைந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது இது? அனஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் 10 ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூடச் சலிப்பான சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அடுக்களையில் குவளையைப் பிரித்து வைத்தால், பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 14 வயது நிறையாத பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் நல வாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயிக்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு வருபவர் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கப் படித்த உங்கள் மகளால் முடியும்.

வார விடுமுறை ஞாயிறாக இருக்கட்டும். அன்றுதான் அவருடைய பிள்ளைகளும் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பார்கள்.