வழுவும் வழுவமைதியும்

வழுவே இல்லாத மென்பொருளை ஆக்கினார் எவருமிலர். ஆதலின் மென்பொருளொன்றின் தகுதியை, அதில் வழு உண்டா இல்லையா என்பதைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. வழுவைச் சுட்டுவோனுக்கு என்ன மறுமொழி கிடைக்கின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளிப்பன திறந்த மூல மென்பொருள்கள். அவற்றை ஆக்குவோருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர். உலகின் பல பாகங்களிலுமிருந்து அவர்களுக்கு முறைப்பாடுகள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றும் இலக்கமிட்ட சீட்டாகப் பதியப்படுகின்றது. ஒரே குறையைப் பலர் எழுதுவர்; சிலர் "வேலை செய்யவில்லை" என்பதன்றி வேறொரு விபரமும் தாரார். இச்சுமையைத் தாங்காத சில குழுவினர், நெடுநாள் எவரும் தொடாத சீட்டுக்களை இயந்திரமே மூடிவிடுமாறு செய்துள்ளனர். பட்டியல் சுருங்குகின்றது, வழுவோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. தொண்டரின் களைப்பை யாம் அறிவோம். எனினும் இம்முறையை ஒப்புக்கொள்ளோம்.

1993இல் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளத் திட்டம் வேறு வழி காட்டுகின்றது. குறைகளை மறைப்பதில்லை என அது 1997இல் தனது சமூக ஒப்பந்தத்தில் உறுதி கூறிற்று. முறைப்பாடுகள் அங்கே மின்னஞ்சலில் வருகின்றன. எவரும் அவற்றைப் படிக்கலாம். கடுமையின் அளவால் அவை 7 தரமாக வகுக்கப்படுகின்றன. மேலான 3 தரத்தன புதிய பதிப்பின் வெளியீட்டையே தடுக்கவல்லன. கடைத்தரம் வெறும் விருப்பம். சீட்டை மூடுவோர் எழுதும் கடிதம் முறையிட்டவருக்கும் போய்ச் சேருகின்றது. உடன்படாதோர் அதனை மீளத் திறக்கலாம். திருத்த இயலாததாயின், திருத்தப்படமாட்டாது என்று வெளிப்படையாகக் குறியிடவும் இடமுண்டு.

இது நமக்குப் புதிதன்று. உவப்பினாற் பசுவை அம்மை என்றல் திணைவழுவாயினும், காரணம் பற்றி அதனை அமைத்துக்கொண்டனர் நம் இலக்கண ஆசிரியர். வழுவைக் களைக, அன்றேல் காரணங்காட்டி அமைக்க. காரணமின்றி மூடுதல் களைதலுமன்று, அமைதியுமன்று.

முறையிடுவோர்க்கும் கடமையுண்டு. எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், எதை எதிர்பார்த்தோம், எது நிகழ்ந்தது என்னும் நான்கையும் அவர் எழுதுதல் வேண்டும். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு இடம் மாறித் திரையில் தோன்றினால், தமிழறியாத ஆக்குநர் அதனைக் காணார். நாமே காட்டல் வேண்டும்.

ஆதலின் எமது கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறுவோம். நிரல் எழுத வல்லவராகும்வரை காத்திருத்தல் வேண்டா. பிறர் எழுதிய முறைப்பாட்டைத் தம் கணினியிற் செய்து பார்த்து, வழு உண்மையா என எழுதுவதும், ஒரே குறையைப் பற்றிய சீட்டுக்களை இனங்கண்டு கூறுவதும் அருந்தொண்டே. இப்பணிக்குப் பெயரும் புகழும் குறைவு. ஆட்கள் அதனினும் குறைவு. அந்த ஆட்குறையே சீட்டுக்களை இயந்திரத்தின் கையில் ஒப்படைக்கின்றது. அதனை நிறைவு செய்ய நம்மிளைஞர் முன்வருவாராக.