தூண்டிலும் அளவும்

இண்டூரிலிருந்து பென்னாகரம் வழியே சென்றால் ஒகேனக்கலில் காவிரியைக் காணலாம். விடுமுறை நாளில் ஆற்றங்கரையில் தூண்டிலிட்டு அமர்தல் வீண்பொழுது என்பர் சிலர். அஃது எனக்கு உடன்பாடன்று. தக்கை அசையுமளவும் காத்திருப்பவன் பொறுமையைக் கற்கிறான். நீரின் போக்கையும் கரைமரங்களையும் பறவைகளையும் அறிகிறான்.

ஆயினும், பிடித்தற்கும் ஓர் அளவு வேண்டும். காவிரி ஆற்றுக்கே உரியது, திமில் போன்ற முதுகுடைய பெருங்கெண்டை. அவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளதென்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. வெடியிட்டு மீன் பிடிப்போர் குஞ்சுகளையும் சேர்த்தே அழிக்கின்றனர். அவ்வாற்றையடுத்த காடுகள் பல 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயின. ஆதலின் இசைவுள்ள இடத்திலேயே தூண்டிலிடுக. சிக்கிய சிறுமீனை நீரிலேயே விடுக. இன்று விட்ட குஞ்சே நாளைய மீன்வளம்.